வலது பக்கம் இழுக்கும் வண்டி

ஜனவரி 9, வியாழன்

இன்றும் இழுத்தது. மீமிசலிலிருந்து ஆவுடையார்கோவில் போகிற ரோட்டில், கண்மாய்க்கரைத் திருப்பம் தாண்டியதும் எதிரே பஸ். ஹேண்டிலை நான் நேராகத்தான் பிடித்திருந்தேன். வண்டி தானாக வலது பக்கம் போனது, பஸ்ஸைப் பார்த்து. இடது பக்கம் ஒடித்து நிறுத்தியதில் பின்னால் ஒரு பெட்டி சரிந்து, காரல் மீன் முழுக்க ரோட்டில். பஸ் டிரைவர் தலையை நீட்டி, "ஏம்மா, வீட்டுல ஆம்பள இல்லையா?" என்றான். இருக்கிறார், மஸ்கட்டில் இருக்கிறார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மீனைப் பொறுக்குவதா, அவனுக்குப் பதில் சொல்வதா? மீனைப் பொறுக்கினேன்.

ஆறு வருஷமாக இதே லோடு ஆட்டோவில், அவர் ஓட்ட, டிரைவர் சீட்டின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அறந்தாங்கிக்கு மீன் விற்கப் போனவள் நான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைத் தூக்கம் கூடப் போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வண்டி இப்படி இழுத்ததே இல்லை. அவர் மஸ்கட்டில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போய், நான் லைசன்ஸ் எடுத்து ஓட்டத் தொடங்கிய இந்த மூன்று வாரமாகத்தான் இப்படி.

வண்டிக்கு என்ன வந்தது? அல்லது எனக்கு?

ஜனவரி 10, வெள்ளி

காற்று பார்த்தாயிற்று. மீன் இறக்குகிற இடத்துக்கு மணல் தடத்தில் போகும்போது டயர் புதையாமல் இருக்கக் காற்றை இறக்குவோம், ரோடு ஏறியதும் அடித்துக்கொள்வோம். ஒரு பக்கம் குறைவாக அடித்துவிட்டேனோ என்று சந்தேகம். இரண்டு பின் டயரும் ஒரே அளவு. அப்படியென்றால் அது காரணம் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

நாளை பொங்கல், கடை திறக்க மாட்டேன், இன்றைக்கே கொண்டு வா என்று மெக்கானிக் பழனிச்சாமி அண்ணன் சொல்லியிருந்தார். மீன் இறக்கிய கையோடு போனேன்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஹேண்டிலை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பினார். நடுவில் ஒரு இடத்தில் கடக்கென்று நின்றது. உள்ளே பேரிங் உட்காருகிற கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதாம். மாற்றினார். பின் டயர்களை இடம் மாற்றிப் போட்டார். டயர்தான் காரணம் என்றால் இழுப்பும் பக்கம் மாறும் என்றார். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சுற்று ஓட்டி வந்து இரண்டு பின் சக்கரத்தின் டிரம்மையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் சுடுமாம். இரண்டும் ஒரே சூடு.

ஒவ்வொன்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீ பேசாம பாலிடெக்னிக்ல சேந்திருக்கலாம்மா" என்றார். சலித்துக்கொண்டு சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா தெரியவில்லை.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் கழிந்து முதல் லோடு. இழுக்கிறது. அதே வலது பக்கம். லோடு ஏற ஏறக் கூடுகிறது.

அவரிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நான் ஓட்டுனப்ப நூல் புடிச்ச மாதிரி போகுமே ஷர்லி. ஒனக்குக் கை பழகல."

"பழனிச்சாமி அண்ணனும் லேசா இழுக்குதுன்னுதான் சொல்றாங்க."

"லேசா இழுத்தா புடிச்சு ஓட்டணும். அதுக்குத் தெம்பு வேணும். வேணாம்த்தா, பயமா இருக்கு எனக்கு. மணமேல்குடி கோபிநாத்த வரச் சொல்றேன். ஒண்ணாந் தேதி சாவிய அவன்கிட்டக் குடுத்துரு. நீ யாவாரத்த மட்டும் பாரு."

நூல் பிடித்த மாதிரி போனது உண்மைதான். நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். கோபிநாத் நல்ல டிரைவர், குடிக்கிற பழக்கம் இல்லை, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு ஓட்டப் பிடித்திருக்கிறது. விடிகிற நேரத்தில் ரோடு எனக்கே எனக்கென்று கிடக்கும்போது வருகிற சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

கையா, வண்டியா? ஒண்ணாம் தேதிக்குள் தெரிய வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து, காலி வண்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றி ஈர மணல் பாய் விரித்த மாதிரி கிடந்தது. மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன்.

மூன்று தடம். நடுத் தடம் சரியாக நடுவில்தான் போகிறது. ஆனால் வலது பின் சக்கரத்தின் தடம் ஆழம், இடது பக்கம் பட்டும் படாமல். விரலை விட்டுப் பார்த்தேன். நிச்சயமாக வலது பக்கம்தான் ஆழம். மறுபடி வேறு இடத்தில் ஓட்டினேன், அதே மாதிரி. வண்டி வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஐஸ் தண்ணீர் எப்போதும் வலது மூலையில் தேங்குவது ஏன் என்று இப்போது புரிகிறது.

வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள், நான் மணலைத் தடவிப் பார்ப்பதைக் கண்டு, "என்ன ஷர்லி, தோடு தொலஞ்சு போச்சா?" என்றார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பேர் தேடவே ஆரம்பித்துவிட்டார்கள், பாவம்.

ஜனவரி 20, திங்கள்

வலது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் பழனிச்சாமி அண்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது. புதிது போட்டார். இழுப்பு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

ஜனவரி 22, புதன்

இழுக்கிறது. தோள்பட்டை வலி. எழுத ஒன்றும் இல்லை.

ஜனவரி 25, சனி

இன்றைக்கு நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

கருவாடு வாங்கிப் போய் விற்கிற செவந்தி பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நின்றாள். பின்னால் பெட்டி நிறைந்திருந்தது. "ஆவுடையார்கோயில் வரைக்கும்க்கா" என்று என் சீட்டின் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் உட்காருவேனே, அதே இடத்தில். மருமகள் கதையை ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே வந்தேன். கண்மாய்க்கரை வந்தது, திருப்பம் வந்தது, தாண்டியும் போய்விட்டது. ஊரை நெருங்கியபோதுதான் உறைத்தது, வண்டி இழுக்கவே இல்லை. கை சும்மா கிடந்தது ஹேண்டில் மேல்.

அவள் இறங்கினாள். வண்டியை எடுத்தேன். உடனே வலது பக்கம் இழுத்தது.

நிறுத்தி, "செவந்தி, இன்னொரு தரம் ஏறு" என்றேன்.

"ஏன்க்கா?"

"ஏறேன், சொல்றேன்."

ஏறினால் நேராகப் போகிறது. இறங்கினால் இழுக்கிறது. தேரடியைச் சுற்றி இப்படியே ஏற்றி இறக்கி விளையாடியதில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங் கருவாடு விக்காமக் கெடக்கு, ஒனக்கு என்னக்கா ஆச்சு?"

எனக்கு என்ன ஆச்சு என்றா கேட்கிறாய்? அவர் ஓட்டியபோது ஏன் நேராகப் போனது என்று இத்தனை நாள் மண்டையை உடைத்தேன். அவர் பக்கத்தில் நான் இருந்தேன். என் பக்கத்தில் யாரும் இல்லை. அவ்வளவுதான். கைக்கும் தெம்புக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் ஓர் ஆள் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் நேராகப் போகும் என்று எந்தக் கம்பெனிக்காரன் வண்டி செய்வான்?

ஜனவரி 27, திங்கள்

"எல்லாரும் வலது பக்கத்தையே பாத்தோம்ண்ணே. இடது பக்கம் பாருங்க" என்றேன். பழனிச்சாமி அண்ணன் படுத்துக்கொண்டு இடது ஸ்பிரிங்கில் ஏறியிருந்த உப்புச் சேற்றைச் சுரண்டினார். பிறகு, "ஏம்மா, இங்க வந்து பாரு" என்றார்.

ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவில் லாரி டயரை அறுத்துச் செருகிய தடித்த ரப்பர் துண்டு. கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அமுங்க வேண்டிய ஸ்பிரிங் அமுங்காமல் இடது பக்கத்தைத் தூக்கியே வைத்திருக்கிறது. சேறு மூடி மூடி ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங்காகிவிட்டது.

"இது என் வேல இல்லம்மா. யாரோ இடது பக்கம் வெயிட்டு கூடுதலா வருதுன்னு நெனச்சு வச்சிருக்காக."

யாரோவா? கம்பி கட்டிய முடிச்சைப் பார்த்தேன். வலைக்காரன் முடிச்சு. மெக்கானிக் அப்படிக் கட்ட மாட்டான். எனக்குத் தெரிந்த முடிச்சுதான் அது.

எடுத்துவிட்டு, இடது பக்கமும் புது ஸ்பிரிங் போட்டார். லோடோடு தனியாக அறந்தாங்கி வரைக்கும் ஓட்டினேன். நேராகப் போகிறது. ஒரு விரலால் பிடிக்கலாம் போல.

ஜனவரி 28, செவ்வாய்

போன் போட்டேன்.

"இடது ஸ்பிரிங்ல ரப்பர் வச்சது நீங்களா?"

"ஆமா. நீ கூட வர ஆரம்பிச்சப்ப வண்டி இடது பக்கம் இழுத்துச்சு. நாந்தான் வச்சேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல. பஸ்ல போய் மோதிருப்பேன் நான். கை பழகல, தெம்பு இல்லன்னு சொன்னீங்க."

"சத்தியமா ஞாபகத்துலயே இல்ல ஷர்லி. வச்சு ஆறு வருசமாச்சு. வண்டியோட வண்டியாப் போச்சு."

வைத்துவிட்டேன். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. நான் குண்டு, அதனால் வண்டி சாய்கிறது. அதை என் முகத்துக்கு நேரே சொல்லாமல், எனக்குத் தெரியாமல் முட்டுக் கொடுத்திருக்கிறார். தெரிந்தால் ஊரே சிரிக்கும். செவந்தியிடம் சொல்லக் கூடாது.

ஜனவரி 29, புதன்

காலையில் அவரே கூப்பிட்டார். ஐஸ் ரூமுக்குள் நிற்கிறார் போல, குரல் நடுங்கியது.

"சொல்லிருந்தா மறுநாளே நீ பஸ்ல போயிருப்ப. எனக்குத் தெரியாதா ஒன்னய? நீ பக்கத்துல வரணும்னு எனக்கு. அதான் சொல்லல."

லோடு இருக்கிறது என்று வைத்துவிட்டேன். ரோடு பூராவும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது சரிதான். சொல்லியிருந்தால் அடுத்த நாளே பஸ்ஸில்தான் போயிருப்பேன்.

பிப்ரவரி 1, சனி

கோபிநாத் சொன்னபடி வந்தான். அவரிடமிருந்து அவனுக்கு முன்னமே போன் வந்துவிட்டதாம். "ஆரோக்கியதாஸ் அண்ணன் வேணாம்னுட்டாருக்கா. ஒங்களப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். டீ போட்டுக் கொடுத்தேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, நூல் பிடித்த மாதிரி போகுதேக்கா என்றான்.

டிசம்பர் 23, செவ்வாய்

அவர் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து நாலாவது நாள். இன்று லோடுக்கு நானும் வாரேன் என்று விடியலில் எழுந்து கிளம்பிவிட்டார். சாவியை நீட்டினேன். வேண்டாம், நீ ஓட்டு, நான் பார்க்கணும் என்றார். இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மஸ்கட் சாப்பாட்டில் நன்றாகவே ஊதியிருக்கிறார்.

ரோடு ஏறியதுமே வண்டி இடது பக்கம் இழுத்தது. ஹேண்டிலை வலது பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கண்மாய்க்கரை வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இழுக்குதா?" என்றார்.

"ம்."

"எறங்கிப் பின்னால ஒக்காந்துக்கவா?"

"பேசாம ஒக்காருங்க" என்றேன்.