செப்பனிடாமல் விட்ட வளைவு

மழை தப்பாதிருக்க. வளம் குன்றாதிருக்க. இளங்கோ முடிசூடும் பருவம் எய்துங்காறும் ஆழிக்கோட்டு நாட்டை ஆண்டு காக்கும் அரசமாதேவி பெருநங்கை, தலைமுறைகளாய் எம் குடிக்கு அரணாய் நிற்கும் மேல்மலை நாட்டின் காவலர் எயினன் பொறையனார்க்கு விடுத்த ஓலை. உம் மனையும் மலையும் தேனும் தினையும் நலமாகுக. இதைப் பிறரைக் கொண்டு வாசிக்கச் செய்யாமல் நீரே வாசிப்பீராக.

நீர் விடுத்த ஓலை வந்தது. உப்புப்பாதை மலையேறும் இடத்தில் மேல்வளைவை வழிநூல் ஆயத்தார் செப்பனிட்டபின் அங்கே வண்டி ஒன்றும் கவிழவில்லை என்றும், தொடாமல் விட்ட கீழ்வளைவில் முன்போலவே கவிழ்ந்தன என்றும், ஆயத்தின் பயன் இதனால் ஐயமற விளங்கிற்று என்றும் எழுதியிருந்தீர். அம்மட்டில் நின்றீர் அல்லீர். அயல்நாட்டு வணிகரும் தூதரும் இரண்டையும் ஒப்புநோக்கி வியக்கும்பொருட்டு, வருகின்ற மழைக்கும் கீழ்வளைவை அப்படியே விட்டுவைக்க எம் இசைவை வேண்டினீர். அதற்கு யாம் இசையோம்.

அந்த ஓலையின் பின்னோடேயே ஆயத்தின் தலைவி காரி அமுதியார் எம்முன் வந்து, பதவி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். உம்மிடம் அவர் சொல்லாதன சில உள. அவற்றைக் கேளும்.

பாரமேற்றிய வண்டி எச்சரிவில் சாயும், ஓடம் எவ்வளவு சுமந்தால் கவிழும் என்று ஆராய்ந்து வழிகளைத் திருத்துவது அவ்வாயத்தின் தொழில். அவ்விரு வளைவிலும் பாதை பள்ளத்துப் பக்கமாய்ச் சாய்ந்திருப்பதையும், ஈரம் பட்டால் சக்கரம் அப்பக்கமே வழுக்குவதையும் அமுதியார் கண்டறிந்தார். மலைமக்களோ, தள்ளி என்னும் பேய் வண்டிகளைப் பிடித்துத் தள்ளுகிறது என்று நம்பிப் படையல் இட்டுவந்தனர். ஆயம் எந்த வழியைத் திருத்தினாலும் பெயர் என்னவோ அவ்வவ்விடத்துப் பேய்க்கே போயிற்று. கயிறும் கோலுமாய்த் திரியும் இக்கூட்டத்துக்கு நெல் அளப்பது வீண் என்று உம் அவையிலும் பேச்செழுந்தது. அமுதியார் சரிவின் அளவுகளையெல்லாம் எழுதிக் கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்தார். நீரோ, ஆயத்தால் உயிர் பிழைத்தவன் ஒருவனையேனும் கொண்டுவந்து நிறுத்துமாறு கேட்டீர்.

அவர் எங்கே போவார்? பிழைத்தவனுக்குத் தான் பிழைத்ததே தெரியாது. வண்டி கவிழாத அன்று அவன் வீடு போய்ச் சேர்ந்து, சோற்றில் உப்பில்லை என்று மனைவியிடம் சண்டை பிடித்துவிட்டு உறங்கியிருப்பான்.

அப்போதுதான் நீர் அந்த வழியைச் சொன்னீர். இரு வளைவிலும் படையல் நடக்கட்டும். மேல்வளைவை மட்டும் செப்பனிடுக. வேறுபாடு தெரிந்தால் ஆயம் நிலைக்கும், தெரியாவிடில் கலையும் என்றீர். ஆயம் கலைந்தால் நாட்டின் துறைகளையும் கணவாய்களையும் கவனிக்க ஆளில்லை என்று அமுதியார் அஞ்சினார். ஒரு வளைவைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பதாக மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு உடன்பட்டார். அவரை யாம் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

மழை வந்தது. மேல்வளைவில் கீறல்கூட இல்லை. கீழ்வளைவில் உப்பு ஏற்றிவந்த ஓரி என்பவன் வண்டியோடு பள்ளத்தில் போனான். காப்பாற்ற இறங்கிய அவன் தம்பி குமிழனும் திரும்பவில்லை. உம் அவையில் ஆயத்துக்குப் பட்டு போர்த்தப்பட்டது. அதன்பின் அமுதியார் நிம்மதியாக ஒரு கவளம் உண்டாரில்லை.

மேல்வளைவில் போய் உட்கார்ந்து, ஏறிவருவோர் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்பாராம். இவர்களில் எவன் செத்திருக்க வேண்டியவன் என்று தேடுவாராம். தெரியவில்லையாம். எல்லாரும் பாடிக்கொண்டும் மாட்டை ஏசிக்கொண்டும் போய்விடுகிறார்கள். கீழ்வளைவில் பட்டப்பகலில், சாலையில் ஒருவருமில்லாத வேளையிலும், அச்சு முறியும் ஓசை அவர் காதில் விழுகிறது. அங்கே பேய் இல்லை என்று நாட்டுக்கு நிறுவிக் காட்டியவர் அவர். இப்போது அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் முதுகுப்புறம் இரு ஆடவர் நிற்பதாக உணர்கிறார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஓரியின் மனைவி வள்ளையின் வீட்டுக்குப் போனார். அவள் பாய் விரித்து மோர் கொடுத்தாள். பிறகு, கேளாமலே பேசினாள். அவள் சொற்களைத் திருத்தாமல் எழுதுமாறு எம் ஓலை எழுதுவோனைப் பணித்தோம்: "கெடா வெட்டினவங்க வண்டியெல்லாம் நல்லபடியாப் போயிருச்சும்மா. நாங்க கோழிதானே கொடுத்தோம். அந்த மனுசன் அப்பவே கெடா வாங்கலாம்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். தள்ளிக்குப் பத்தல."

அமுதியார் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். தாம் செய்தவற்றுள் கீழ்வளைவை விட்டதைக் காட்டிலும் அந்த மோரைக் குடித்ததே பெரும்பாவம் என்று எம்முன் அழுதார். யாமும் அழுதோம். அரசிருக்கையில் இருப்போர் அதை எழுதலாகாது என்பர், எழுதுகிறோம்.

இனி எம் ஆணை. கீழ்வளைவு செப்பனிட்டு முடியுங்காறும் உப்புப்பாதையில் வண்டி ஏறலாகாது. வணிகர் முறையிட்டால் எம்மிடம் அனுப்பும். எவ்வழியின் பயனையும் அளக்க வேண்டின், அவ்வழியே முன்பு எப்படியிருந்தது, திருத்தியபின் எப்படியிருக்கிறது என்று அங்கு வண்டியோட்டுவோரைக் கேட்டு அளக்குக. கேட்டறிந்ததைச் சந்தையில் நின்று அவர்கள் மொழியிலேயே சொல்லுக. கேடு தெரிந்த இடத்தைச் சான்றுக்காக விட்டுவைப்போர், எப்பதவியினராயினும், கொலைக்குற்றத்துக்கு ஆளாவர். ஆயம் நிலைக்கும். மோதிரத்தை யாம் அமுதியார் விரலில் திரும்ப அணிவித்தோம். அவர் அதை விரும்பவில்லை.

நாரைப்பொறி ஒற்றிய இவ்வோலை கைசேர்ந்த அன்றே, குடையும் பரிவாரமுமின்றி, நீரும் அமுதியாரும் வள்ளையின் வீட்டுக்குச் செல்லுக. வளைவு விட்டுவைக்கப்பட்டது ஏன் என்பதை உம் வாயால் சொல்லுக. அவள் ஏசினால் கேட்டுக்கொள்க. அவள் போகச் சொல்லும்வரை அவ்வீட்டினின்று எழலாகாது. அவள் கொடுத்த கோழியில் குறையொன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லுக. மற்றவை பிறகு.