சுவரில் கேட்ட தட்டு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் வலியையும் எழுதச் சொல்கிறாள் அம்மா, எழுதிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்பதே எங்கள் ஜெபம். குட்டிக்குச் சளி விட்டதா? ஈரத் தலையோடு வெளியே விடாதே. போனில் உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் விழுங்கிவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வீட்டு சலூன்காரர், சின்ன வயதில் உனக்கு முன்முடியைக் கட்டையாக வெட்டிவிட, நீ அழுது ஊரைக் கூட்டினாயே, அவர்தான். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டுச் சத்தம் ஏறினால் சுவரைத் தட்டுவார், சத்தத்தைக் குறை என்று அர்த்தம். போன மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலமும் தட்டினார். அன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டதே பிறரிடத்தில் அன்பு காட்டுவது பற்றித்தான். தட்டு நிற்கவே இல்லை, எனக்கு வீம்பு வந்துவிட்டது. இன்னும் சத்தமா பாடுங்க, ஒருத்தரும் பயப்படாதீங்க என்று எல்லோரையும் கிளப்பிவிட்டு, நானும் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினேன். கொஞ்ச நேரத்தில் தட்டு நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் மகளே.

கூட்டம் முடிந்ததும் உன் அம்மா, பாவம், அவருக்குத் தலைவலியோ என்னவோ என்று ஒரு டம்ளர் டீயோடு கிளம்பினாள். நான் தடுத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவள் கேட்கவில்லை. உள்ளே முனகல் கேட்டு அவள் போட்ட கூச்சலில் மாடிவீட்டுத் தச்சர் ஓடிவந்து கதவை உடைத்தார். தனியாக இருக்கும் மனிதர், குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எப்படியோ தவழ்ந்து வந்து சுவரோரம் கிடந்தார். கையில் சோப்பு டப்பா. அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், உங்க பாட்டு கேட்டுச்சு சார், அப்பாடா, பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு தைரியமா இருந்தேன் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இனி கடையில் நின்று முடிவெட்ட முடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நீங்க முந்திப் போயிருந்தாலும் முறிஞ்ச எலும்பு முறிஞ்சதுதானே என்று அம்மா தேற்றுகிறாள். ஈரத் துணியோடு அவர் கிடந்த நேரமெல்லாம் நான் பாடிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன சொல்வது? இப்போது காலையில் அவருக்கு முகம் துடைப்பது, பெட்பேன் எடுத்துக் கொட்டிக் கழுவுவது, சவரம் எல்லாம் நான்தான். முதல் நாள் நான் சவரம் செய்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, இதுக்கு உங்க பாட்டே தேவலை சார் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம், ஆனாலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கூட்டத்தில் பாட்டு நடுவில் மறுபடி தட்டு. அப்படியே விட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மூச்சிரைக்க, என்ன வேணும் என்று கேட்டேன். ஒண்ணும் வேணாம் சார், வருவீங்களான்னு பார்த்தேன் என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன், கூட்டம் நான் இல்லாமலே முடிந்தது.

கர்த்தர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போன வாரம் கேட்டதற்கு, தெரியலப்பா என்றாய். போய்ப் பார்த்துவிட்டு எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா