கழுவாமல் விட்ட கற்கள்

அக்கா,

இன்றைக்கும் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் பின்வளவுக்கு ஓடினேன். நீ மீன் வளர்த்த நீலப் பிளாஸ்டிக் பரலுக்குள் பம்ப் நின்றுபோயிருந்தது. ஜப்பான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரை அள்ளி அள்ளி, மேலே கல் நிரப்பிப் பொன்னாங்காணி நட்ட தட்டில் ஊற்றினேன். அது கற்களுக்குள்ளால் இறங்கி மறுபடி பரலுக்குள் விழுந்தது. கரண்ட் வரும்வரை இதே வேலைதான். செத்தும் நீ என்னை ஓரிடத்தில் இருக்க விடுகிறாய் இல்லை.

கிளிநொச்சிச் சந்தைக்கு முல்லைத்தீவு மீன் வருகிறது, உனக்கென்ன விசரா என்று, நீ மீன் வளர்க்கப்போகிறேன் என்ற அன்றைக்கே கேட்டேன். ஆவணியில் கிணறு அடிக்குப் போனால் பொன்னாங்காணி கருகிவிடுகிறது, இதிலென்றால் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், மீனின் கழிவே செடிக்குப் பசளை என்றாய். ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய பரலை அறுத்து, வீடு கட்டி மிஞ்சிய சல்லிக்கல்லைக் கொட்டி, சின்னப் பம்ப் ஒன்றையும் பூட்டினாய்.

பொங்கலென்றால் வீட்டில் ஒரு தூசி இருக்கக்கூடாது உனக்கு. கற்களில் வழுவழுப்புப் படிந்திருக்கிறதென்று அத்தனையையும் தேங்காய்த் தும்பால் தேய்த்து வெயிலில் காயவைத்தாய். பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் மீன்கள் மல்லாந்துவிட்டன. மறுபடி வீடியோக்களைக் கிண்டிவிட்டுக் குசினி வாசலில் வந்து இருந்தாய்.

"எடியே, அந்த வழுவழுப்புத்தான் மீன்ர கழிவைப் பசளையாக்கிறதாம். அதுக்கும் உயிர் இருக்காம். நான் அழுக்கெண்டு தேய்ச்சுப்போட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க நீ என்னோடு கதைக்கவில்லை.

பிறகு புதுக் குஞ்சுகள் விட்டாய். கற்களை ஒருவரும் தொடக்கூடாது என்று கட்டளை போட்டாய். அந்தக் குஞ்சுகள் கறிக்கு ஆகுமுன்னே காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன், செத்தவீட்டுத் துடக்குப் போக வீட்டைக் கழுவுவதற்கு ஓமந்தையிலிருந்து சின்னம்மா வந்தார். உன் பாய், தலையணை, சட்டைகள் எல்லாம் வெளியே போயின. சீப்பில் சிக்கியிருந்த முடியைக்கூட எடுத்து எறிந்தார். சுவரில் நீ சாய்ந்து சாய்ந்து எண்ணெய் பிடித்த இடத்தையும் தேய்த்தார். முறைதானே என்று நானும் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். பிறகு தும்போடும் பிளீச்சிங் பவுடரோடும் பரலடிக்குப் போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"இதைத் தொடாதேங்கோ சின்னம்மா."

"செத்தவீட்டு அழுக்கை ஆரும் வச்சிருப்பினமே பிள்ளை?"

கழுவினால் மீன் செத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். மீனைப் பிடித்துக் குளத்தில் விடு, துடக்கை வீட்டில் வைத்திருக்காதே என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ, தும்பைப் பறித்து வேலிக்கு அப்பால் எறிந்தேன். அவர் அந்தியேட்டிக்கும் நிற்காமல் பஸ் ஏறிவிட்டார். இன்றுவரை எங்களுக்குள் கதை இல்லை.

வருத்தம்தான். ஆனால் பம்பின் சத்தம் நின்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். சந்தைக்குப் போனாலும் கால் நிற்பதில்லை, அரைவழியில் திரும்பி வருகிறேன். மீனுக்காகத்தான் ஓடுகிறேன் என்று அயலில் சிரிக்கிறார்கள். மீன் செத்தால் வேறு குஞ்சு வாங்கலாம். கல் காய்ந்தால் அந்த வழுவழுப்புச் செத்துவிடும். அது நீ இருந்த நாட்களில் படிந்தது. இந்த வீட்டில் உன்னைக் கழுவி எடுக்காத இடம் அது ஒன்றுதான், அக்கா.