காரமடை என்று ஒட்டிய சீட்டு

26.10.2023

இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. ஆனால் இன்றைய சந்தோஷத்தைச் சொல்லவும் ஆள் இல்லை.

பல்லடத்துக்குத் தெற்கே, தெய்வாத்தாளக்காவின் கொறங்காடு. கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடக்கும் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. வேலியோரப் பாறை இடுக்கில் விரல் பருமனில் பட்டைத் தண்டுகள். இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கும் கள்ளிமுளையான் என்றுதான் குனிந்தேன். பூ வேறு. கருஞ்சிவப்பு, விளிம்பெல்லாம் மயிர். ஐந்து தூர் இருந்தன. இரண்டை வேரோடு எடுத்தேன்.

அக்கா ஆடுகளை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஆடே மோந்து பாக்காத செடிக்கு இத்தனை மருவாதியா? எங்க ஊட்டுக்காரரைக்கூட நான் இப்படிப் பதனமா மடிச்சு வெச்சதில்லைங்க."

சிரித்தேன்.

நூலில் அட்டை கட்டினேன். எண் 192. செடி சேகரிக்கும் ஒவ்வொருவருக்கும் தன் பெயரில் ஒன்றிலிருந்து ஒரு வரிசை. சாகும்வரை அதே வரிசைதான். இது என் 192.

27.10.2023

கொதிநீரில் முக்கி எடுத்து அழுத்துச்சட்டத்தில் வைத்தேன். சதைச் செடியை அப்படியே வைத்தால் சாகாது, காகிதத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இனி தினமும் பழைய பேப்பரை மாற்ற வேண்டும்.

பேப்பர் மாற்றுவதற்கா எம்.எஸ்சி. என்று அம்மா போனில் கேட்டாள். அப்பா தறியை நிறுத்தாமலே ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

8.12.2023

சுந்தரராஜுலு சார் சீட்டுகளை அச்சடித்துத் தந்தார். எங்கள் துறைப் பேராசிரியர்; வறண்ட நிலச் செடிகளைச் சேகரிக்கும் இந்தத் திட்டம் அவருடையது. காய்ந்த செடியைத் தாளில் தைத்து, கீழே வலது மூலையில் சீட்டை ஒட்டினால் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்துக்குள் போய்விடும். நூறு வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அந்தச் சீட்டு சொல்வதுதான் உண்மை.

இருநூற்று நாற்பது சீட்டிலும் சேகரித்தவர்: சுந்தரராஜுலு. என் 192 அவருடைய 3315 ஆகிவிட்டது. நான் வேலியோரம் குனிந்த அன்று அவர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

இடம் என்ற வரியில்: காரமடை, மலைச்சரிவு.

செடி எடுத்தது பல்லடத்துப் பக்கம். அதே வாரம் வேறொரு நாள் காரமடைக்குப் போனபோது அவரும் வந்திருந்தார். ஞாபகத்திலிருந்தே எல்லாம் எழுதியிருக்கிறார். என் நோட்டைக் கேட்கவே இல்லை.

சொல்லத்தான் போனேன். "சார், இந்தச் சீட்டுல—" என்பதற்குள், "ஒட்டும்மா. பேரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் பெயருக்காக வந்தேன் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அதற்காகவும்தானே போனேன்.

பசை தடவி ஒட்டினேன். தப்பு என்று தெரிந்தே.

9.12.2023

சீட்டு கோணாமல் ஒட்டியிருக்கிறது. சார் பாராட்டினார்.

29.1.2024

திருவனந்தபுரத்திலிருந்து ஷாநவாஸ் என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். பன்னிரண்டு வருடமாக இந்தச் சாதிச் செடிகளை மட்டுமே பார்ப்பவர். 3315ஆம் தாளை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். இதுவரை யாரும் பெயர் வைக்காத செடியாக இருக்கலாமாம். ஆனால் உயிரோடு பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். நாளையிலிருந்து காரமடைச் சரிவில் தேடப்போகிறார். சாருக்கு மூட்டுவலி. போகவில்லை.

1.2.2024

திரும்பி வந்துவிட்டார். முழங்கை வரை முள் கீறல். ஒன்றும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது, அந்த இடம் உங்களுக்காவது தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

நாலு அடி தள்ளி அலமாரியில் என் நோட்டு இருந்தது. எடுத்தது யார் என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் ஊர், வேலி, பாறை எல்லாம் சொல்லியிருப்பேன். அவர் ஏன் கேட்கப்போகிறார்? சீட்டில்தான் பெயர் இருக்கிறதே.

அவர் வெறுங்கையோடு படியிறங்கியபோது எனக்குள்ளே ஒரு திருப்தி. அதையும் எழுதத்தான் வேண்டும்.

7.4.2024, ஞாயிறு

பல்லடம் போய், அங்கிருந்து மினி பஸ். என்ன தோன்றிப் போனேன் என்று தெரியவில்லை. மிச்ச மூன்று தூரும் இருக்கின்றனவா என்று பார்க்கத்தான்.

வேலியைக் காணோம். கிளுவை வேர்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நிலம் முழுக்கச் சமன் செய்து, வரிசை வரிசையாக இரும்புக் கால்கள். சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்களாம். பாறையையும் பெயர்த்துவிட்டார்கள்.

தெய்வாத்தாளக்கா மோர் கொடுத்தார். அவரிடம் செடியைப் பற்றி முழுசாகச் சொன்னேன். இப்போதுதான் முதல் தடவை.

"மாசியிலதான் கண்ணு மிசின் வந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மூலைய உட்டுப்போட்டு ஓட்டச் சொல்லியிருப்பனே. எங்க மாமனார் சமாதிய அப்படித்தான உட்டிருக்காங்க."

கை காட்டினார். இரும்புக் கால்களுக்கு நடுவே சமாதி அப்படியே இருந்தது. சுற்றிலும் நாலு அடி புல்.

மாசி. ஷாநவாஸ் வந்து போனது தை.

பக்கத்துக் கொறங்காடுகள் இரண்டிலும் இருட்டும்வரை தேடினேன். இல்லை.

யார் மேல கோவப்படறது? சார் மேலயா? அவரு மறந்துதான போனாரு. நான் மறக்கலையே. எனக்கு எல்லாம் தெரியுமே—

10.4.2024

சார் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஷாநவாஸிடம் தெரியாது என்றதையும். நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். 192ஐ இரண்டு தடவை படித்தார்.

ஒட்டிய சீட்டைக் கிழிக்கக் கூடாது. தப்பு இருந்தால் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டலாம், அதுதான் வழக்கம். அது அவருக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றினார்.

"செடியே இல்லைங்கற. இப்போ திருத்தி என்னம்மா ஆகப்போகுது? உனக்குப் பேர் வேணும். அவ்வளவுதானே?"

எப்போதும் போல வாய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை.

"ஆமாங்க சார். அஞ்சுல ரெண்டைப் புடுங்கினது நானுங்க. மிச்சம் மூணு இருந்த எடத்தைச் சொல்லாம உட்டதும் நானுங்க. ஊரைத் திருத்திப்போடுங்க. சேகரித்தவர்ங்கிற எடத்துல என் பேரை எழுதுங்க."