அன்றைக்கு மண் ஈரமில்லை

என் உடும்பே,

ஊரார் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். கதவைச் சாத்தினால்தான் 'நீ'. இப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

நேற்று மகள் வந்தாள். அழுக்குத் துணியை எடுக்க அவள் பையைத் திறந்தேன். தைல வாசனை குப்பென்று வந்தது. ஆடிவிட்டு வந்து முழங்காலுக்குத் தேய்ப்பாயே, அதே தைலம், வேர்வையோடு சேர்ந்து. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் சட்டைகளில்கூட அந்த வாசனை இல்லை. அவள் ஆட்டத்துக்குப் போடுகிற பனியனை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் அதைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் இங்கிலீஷில் ஏதோ பெரிசாகப் போட்டிருந்தது. "உன் பேரா இது?" என்று கேட்டேன். "இல்லம்மா. உடும்புன்னு போட்டிருக்காவ" என்றாள்.

அழுகை நின்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

நீ பிடித்த காலை விடமாட்டாய் என்று கபடி பார்க்கிற ஜனம் உனக்கு வைத்த பேர் அது. விளாத்திகுளத்திலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் அந்தப் பேரைச் சொன்னால் தெரியும். நீ வாங்கின பேர், நீ வைத்துக்கொள். பிள்ளைக்குச் செல்வராணி என்று நீதானே பேர் வைத்தாய்? அது எங்கே போயிற்று?

அவளை அந்த வடக்கத்தி அணி பெண்கள் லீக்குக்கு எடுத்த அன்றைக்கே இது ஆரம்பித்துவிட்டது. நம் கபடிக் கழகத்துக்காரர்கள் முக்கில் பிளெக்ஸ் வைத்தார்கள். உன் முகம் பனை உயரத்துக்கு. அவள் முகம் கீழ் மூலையில், தபால்தலை மாதிரி. 'உடும்பின் வாரிசு' என்று எழுத்து. நான் செயலாளர் அண்ணாச்சியிடம் நேரே போய், அவளுக்கு மூஞ்சி இல்லையா என்று கேட்டேன்.

"கோவப்படாதளா. அவன் பேரு இல்லாட்டி இந்தப் புள்ளைய எவன் திரும்பிப் பாத்திருப்பான்?" என்றார்.

இதே அண்ணாச்சிதான் அவள் முதன்முதலில் டவுசர் போட்டு மைதானத்துக்கு வந்தபோது, பொட்டப்பிள்ளையை இப்படியா விடுவார்கள் என்று என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்டவர். நான் உப்பு பாக்கெட் போடப் போகிற இடத்திலும் பேச்சுதான். "சினிமாக்காரன் மவன் சினிமாவுக்குப் போறான், உடும்பு மவ லீக்குக்குப் போறா, நம்ம புள்ளைக உப்புக்கு வருதுவ" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் விடியுமுன்னே எழுந்து கடற்கரை மணலில் ஓடினதை இவர்களில் யார் பார்த்தார்கள்? விரல் பிசகி, சோற்றை நான் ஊட்டிவிட்டது யாருக்குத் தெரியும்?

டிவியிலும் அதே கதைதான். அவள் ஒருத்தியின் காலைப் பிடித்து மடக்கினால், அப்பாவின் ரத்தம் பேசுகிறது என்கிறான் வர்ணனை சொல்கிறவன். ஒரு பிடி நழுவினால், அப்பாவின் பிடி இவளுக்கு வரவில்லை என்கிறான். பிடித்தால் உன் கை, விட்டால் அவள் கை. என்ன நியாயம் இது?

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. டீக்கடையில் வைத்து, "எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல, என் புடி என்னோட போச்சு" என்று சொன்னாய். அவளும் நானும் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தோம். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். அவள் மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டாள்.

அந்தச் சித்திரை மாதம் ஞாபகம் இருக்கிறதா? அவள் ஒன்பதாம் வகுப்பு. நம் வீட்டுக்குப் பின்னால் நீ கடல் மணலைச் சாக்கில் கொண்டுவந்து கொட்டி வைத்திருந்தாய். அதில் காலால் ஒரு கோடு கிழித்துவிட்டு, "வாங்கப்பா, பாடிட்டு வாங்க" என்றாள். நீ சிரித்தாய். உனக்குப் பிடிக்கத்தான் தெரியும், பாடிப் போய்ப் பழக்கமில்லை. போதாததற்கு முழங்கால் வேறு கெட்டிருந்தது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டே போனாய். அவள் குனிந்து உன் கணுக்காலைப் பிடித்தாள். நீ குப்புற விழுந்தாய். கோட்டுக்கு எட்டவில்லை. மீசையெல்லாம் மண்.

அவளும் சிரிக்கவில்லை, நீயும் சிரிக்கவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு வந்த உன்னிடம், வழுக்கிவிட்டதா என்று கேட்டேன்.

"மண்ணு ஈரமா இருந்துச்சுளா" என்றாய்.

மறுநாள் காலையில் நீயே அவளை எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கேட்டவனுக்கெல்லாம் நீயே பதில் சொன்னாய். அவள் இன்றைக்கு நிற்கிற இடம் அந்த ஒரு விழுகையில்தான் ஆரம்பித்தது.

இன்று காலையில் துணி காயப்போடும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். பனியனைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகுப்பக்கத்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எம்மா, அன்னைக்கு அப்பா நெசமா விழுந்தாவளா, இல்ல எனக்காவ விழுந்தாவளா?"

ஊர் பேசினதெல்லாம் அவள் காதில் ஏறி உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நெசமாத்தான் விழுந்தாவ."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

அவள் பனியனை உதறிக் கொடியில் போட்டாள். "அப்பம் அடுத்த வருசம் என் பேரப் போடச் சொல்லப் போறேன். போடலன்னா அந்த டீமுக்குக் கையெழுத்து போடமாட்டேன்" என்றாள். உன் குரல் மாதிரியே இருந்தது. ஆனால் அதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவளிடம் பார்த்தேன் என்றேனே, நீ விழுந்ததைத்தான் பார்த்தேன். உன் மனசை எங்கே பார்த்தேன்? ஊரோடு சண்டை போட எனக்கு வாய் இருக்கிறது. அண்ணாச்சி மறுபடி அவள் முகத்தைத் தபால்தலை ஆக்கினால் நானே ஏறிக் கிழிப்பேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சித்திரையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவே தண்ணீர் லாரிக்கு நின்றது. குடிக்கவே தண்ணீர் இல்லை, மண் எப்படி ஈரமாக இருக்கும்? என்னிடம் எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னாய், மகள் கையில் விழுந்த வெட்கத்துக்கா, வேண்டுமென்றே விழுந்ததை மறைக்கவா?