யதுவின் மில்லுக்கு ஒரு கோச்

மாங்குளம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ரஜிதனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் கஜேந்தினியும் பேரனும் அந்தக் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் துணையிருப்பா. இங்கே அப்பாவும் நானும் உடம்பால் சுகம், மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. அப்பாவின் முழங்கால் வலி பரவாயில்லை, சிறுபோக வயல் பச்சை பிடித்துவிட்டது, அதைப் பார்க்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு காலையிலேயே தப்பிவிடுகிறார், ஏனென்றால் வீட்டில் இருந்தால் என் முகத்தைப் பார்க்கவேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் நான் அழ அப்பா போனைப் பறிப்பார். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன், கோபப்படுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

விஷயம் அந்தப் பிரதாபனைப் பற்றியது. தங்கச்சி யதுவின் தூள் அரைக்கிற மில்லை முன்னுக்குக் கொண்டுவர, வியாபாரம் சொல்லித்தர என்று நீ கொழும்பில் பிடித்துத் தந்த கோச். மூன்று மாதம் பார்த்தாயிற்றாம், வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு வருட ஒப்பந்தத்தில் யது கையெழுத்து வைக்கவேண்டுமாம். அந்தத் தம்பி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்லாகக் கதைக்கிறார், சட்டை கசங்காமல் போனுக்குள் வந்து இருக்கிறார். ஆனால் இந்த மூன்று மாதத்தில் ஒருநாளும் மாங்குளத்துக்கு வந்து மில்லை எட்டிப் பார்க்கவில்லை. ஒருமுறை வாருங்கோ தம்பி என்று நானே கேட்டேன், எல்லாம் திரையில் தெரிகிறது அம்மா என்றார். திரையில் நெடி வருமா?

மில்லுக்குள் சனம் நிற்கக்கூடாது, அது பார்வைக்குச் சரியில்லை என்றது அவர்தான். நடுவில் பலகை அடித்து மறைக்கச் சொன்னார், தூளுக்கு வருபவர்கள் பையைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலத்தால் வரட்டும் என்றார். உனக்குத் தெரியாததா, இங்கே எந்தப் பெண் தன்னுடைய மிளகாயைக் கண்ணுக்கு மறைவில் அரைக்க விட்டாள்? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு வறுவல். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தும்மித் தும்மித் தன் கையாலே அள்ளிப் பார்த்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. அப்படி நிற்கிறவர்கள்தான், எனக்கு முன்னால் யார் மாசிக் கருவாடு அரைத்தது, மணம் போக அரிசி போட்டு ஓட்டிவிட்டு என்னுடையதைப் போடு பிள்ளை என்று சொல்வார்கள். பலகை அடித்தபிறகு அதைச் சொல்ல உள்ளே ஆளில்லை. யது டோக்கன் இலக்கத்தைப் பார்த்து வரிசையாக அரைத்தாள். பதினொன்றாம் இலக்கம் மாசி, பன்னிரண்டாம் இலக்கம் குளத்தடி அமராவதி வற்றாப்பளைப் பொங்கலின் மரக்கறி விரதத்துக்கென்று வறுத்துக் கொண்டுவந்த மிளகாய்.

அமராவதி வீட்டில் போய்ப் பையை அவிழ்த்தவுடனே மாசி மணந்திருக்கிறது. திரும்பி வந்து ஒரு சொல் ஏசவில்லை, பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லது. அடுத்த கிழமை குளத்தடியில் இருந்து ஒருவரும் வரவில்லை, எல்லாரும் சந்திக்கு அந்தப் பக்கத்து மில்லுக்குப் போகிறார்கள். யது அழுதுகொண்டு பிரதாபனுக்குச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா, அவர்கள் உங்களுடைய இலக்கு வாடிக்கையாளர்கள் இல்லை, போகட்டும், பக்கெற்றில் போட்டு விற்கும் தூளில் கவனம் வையுங்கள் என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. நீங்கள் படிப்பித்த இரண்டு கடைக்காரரின் நம்பர் தாருங்கோ என்று கேட்டேன். அது இரகசியமாம். விடாமல் கேட்டதில் ஒரு நம்பர் வந்தது, எடுத்துக் கதைத்தால் அந்த நம்பர்க்காரப் பெடியன் கடைக்காரனே இல்லை, அவனுடைய தொழிலும் மற்றவர்களுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுப்பதுதான். சிரிக்காதே, நான் சிரிக்கவில்லை.

உனக்குச் சொல்லாமல் ஒன்று செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். கிளிநொச்சியில் அரிசிமா அரைத்து விற்கிற சுமித்திரா என்று ஒருவர், இருபது வருட அனுபவம், புதிதாகத் தொழில் தொடங்கும் பெண்களுக்கு வழி காட்டுகிறாவாம். கூப்பிட்டேன், பஸ் ஏறி வந்தா. மில்லில் ஒரு கதிரையைப் போட்டு மூன்று மணித்தியாலம் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு யதுவிடம் கேட்ட முதல் கேள்வி, பலகை வருவதற்கு முன் சனம் எந்த இடத்தில் நின்றது என்பதுதான். நான் எழும்பிக் காட்டினேன். அடுத்த கேள்விக்கும் நானே மறுமொழி சொன்னேன். மூன்றாம் முறை அவா என்னைப் பார்த்து, அம்மா நீங்கள் போய்த் தேத்தண்ணி போடுங்கோ என்றா. என் வீட்டில் வைத்து எனக்கு! கோபத்தோடு குசினிக்குள் போனேன், அங்கிருந்து கேட்டால் யது கதைக்கிறாள், அரை மணித்தியாலம் விடாமல் கதைக்கிறாள். அவள் அவ்வளவு கதைத்து நான் கேட்டதேயில்லை. அப்போதுதான் சொன்னாள், எனக்கு அந்தக் கோச்சில் மனமில்லை அக்கா, ஆனால் அண்ணா அனுப்பின மெஷின், அவர் பிடித்த ஆள், எப்படித் தட்டுவது என்று. கேத்தில் தண்ணி கொதித்து அடங்கியது தெரியாமல் நின்றேன் மகன்.

சுமித்திரா ஒப்பந்தம் ஒன்றும் கேட்கவில்லை. மாதம் மாதம் பார்ப்போம், உதவியில்லை என்றால் நிற்பாட்டுங்கோ என்றா. மூன்று பேரின் நம்பர் தந்தா, அதில் ஒருத்தி கடையை மூடியவள், அவளிடமும் கேளுங்கோ என்றா. கேட்டேன். அவளும் குறை சொல்லவில்லை, மூடவேண்டி வரும் என்று அக்கா முதலே சொன்னவா, நான்தான் கேட்கவில்லை என்றாள். ஆனால் இவாவை எடு என்றும் நான் உனக்குச் சொல்லமாட்டேன். நான் சொன்னால் அதுவும் இன்னொரு பிரதாபன்தான்.

பலகையைக் கழற்றியாயிற்று. யது அமராவதி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள், அமராவதியும் தேத்தண்ணி கொடுத்தாளாம், மில்லுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை வற்றாப்பளைப் பொங்கல். இந்த முறை நான் வரவில்லை என்கிறாள் உன் தங்கச்சி, விரதக்காரியின் தூளைக் கெடுத்துவிட்டு அம்மன் முன்னால் எப்படிப் போய் நிற்பது என்று கேட்கிறாள். மெஷின் நீ வாங்கித் தந்தது, அதற்காக அவள் வாய் உனக்குச் சொந்தமில்லை, எனக்கும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் அவளைக் கூப்பிடு. புத்தி சொல்லாதே, பிரதாபனைப் பற்றியும் கதைக்காதே, உனக்கு என்ன விருப்பம் என்று மட்டும் கேள். உடனே பேசமாட்டாள். நீயும் பேசாமல் இரு, உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவளுக்குத் தெரியும், என்றாலும் இரு. நான் அந்த நேரம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விடுவேன்.

பேரனுக்கு முத்தம். காதை மூடித் தொப்பி போட்டுவிடு. நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. திங்கட்கிழமை கோயிலுக்குப் போகிற வான் வண்டியில் மூன்று சீட் சொல்லி வைத்திருக்கிறேன், யதுவுக்கு இன்னும் சொல்லவில்லை.

உன் அம்மா,
விமலேஸ்வரி