கடைக்காரி என்ன பண்றா

மார்ச் 3, செவ்வாய்

மழை. தம்பி வீட்டில் துவைத்த துணி எதுவும் காயவில்லை. சாயங்காலம் தம்பி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்து, "அக்கா, தீவுக்குத் தீவு பாலம் கட்டுற ஆட்டம், வர்றியா?" என்றான். விதிகள் ஒரே தாளில். காபி ஆறுவதற்குள் புரிந்துவிட்டது, ஜெயித்தும் விட்டேன். தம்பி, அவன் மனைவி, நான், மூன்று பேரும் சேர்ந்து பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நான் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையை மூடி, வேலை போய், பெட்டியோடு இங்கே வந்ததிலிருந்து எனக்குப் பிடித்த சாயங்காலம் இதுதான். வாயைத் திறக்காமலே மேசையில் ஓர் இடம் கிடைத்தது.

மார்ச் 5, வியாழன்

தம்பி மனைவி வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களைக் கூட்டி ஏதோ கதையாட்டம் ஆடுகிறாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளுக்கு இந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறதோ. நாளைக்கு என்னையும் உட்காரச் சொல்கிறாள்.

"பலகை எங்கே?" என்று கேட்டேன்.

"பலகை கிடையாது அண்ணி. பேசித்தான் ஆடணும்."

"யாரு ஜெயிப்பாங்க?"

"யாரும் ஜெயிக்கிறதில்ல."

அப்புறம் எதற்கு ஆடுவது? தம்பிகூட, "அக்காவை ஏன் அதுல இழுக்குற? போர்டு கேமே போதும்" என்றான். அவள் கேட்கவில்லை. படித்துவிட்டு வரச் சொல்லி விதிப்புத்தகத்தைக் கொடுத்தாள். தலையணை தடிமன். தலைக்கு வைத்துப் படுக்கத்தான் உதவியது.

மார்ச் 6, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

கதையை நடத்துவது தம்பி மனைவி. எதிரே இரண்டு பேர். ஒருவன் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் பையன், நாய் டாக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். இன்னொருவர் பஸ் ஓட்டும் டிரைவரம்மா. இருவரும் ஆடிப் பழகியவர்கள், எண்களாகப் பேசிக்கொள்கிறார்கள். என் முன்னால் கட்டம் கட்டமாக ஒரு தாள், இருபது முகம் கொண்ட பகடை ஒன்று. உருட்டினால் எந்த முகத்தைப் பார்ப்பது என்று திருப்பித் திருப்பித் தேடிக்கொண்டிருந்தேன். கோட்டை, பூட்டிய கதவு என்று என்னவோ காதில் விழுந்தது. நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

"அண்ணி, நீங்க என்ன பண்றீங்க?"

வெளியாட்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு.

"தெரியாத மாதிரி கேக்குற. நாலு மாசமா உன் வீட்டுலதானே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

நாய் டாக்டர் சிரிக்கப் பார்த்து, அதை இருமலாக்கிக்கொண்டான். எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

வேணும்னேதானே கேட்டா? நாத்தனார் பாரமா இருந்தா நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே — நாலு பேர் முன்னாடி ஏன்? போர்டு கேம்ல தப்பா ஆடினா தோத்துப் போவோம், அவ்வளவுதான். இதுல மானமே போயிடுது. நாளைக்கே வேற இடம் பாக்கணும். எங்க போய்ப் பாக்குறது?

மார்ச் 7, சனி

யாரோடும் பேசவில்லை. துணி மட்டும் காய்ந்தது.

மார்ச் 8, ஞாயிறு

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் வந்து துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் கேட்டது உங்களைப் பத்தி இல்ல அண்ணி. உங்க பாத்திரத்தைப் பத்தி."

என் கையில் பால் பாத்திரம். "இதையா?" என்றேன்.

ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கதைக்குள் நான் யாராக ஆடுகிறேனோ அதுதான் பாத்திரமாம். பூட்டிய கதவுக்கு முன்னால் அந்த ஆள் என்ன செய்கிறாள் என்பதுதான் கேள்வியாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் எவ்வளவு எரிச்சல்.

சிரித்து ஓய்ந்தபின், "தப்பு எம்மேலதான். புதுசா உக்கார்றவங்களுக்கு எங்கேருந்து தொடங்கணும்னு யோசிக்கவே இல்ல. புத்தகத்தைத் தூக்கிக் குடுத்துட்டேன்" என்றாள். அடுத்த தட்டை எடுத்துக்கொண்டே, "உக்காந்து சாப்பிடுறேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்கீங்களா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் பால் பாத்திரத்தை ரொம்ப நேரம் துடைத்தாள்.

மார்ச் 13, வெள்ளி

மறுபடி உட்கார்ந்தேன். வீம்புதான், வேறென்ன.

புத்தகத்தைக் காணோம். தாளில் நான்கே வரி: பெயர், தொழில், எதில் கெட்டி, எதற்குப் பயம். பெயர் யோசிக்க வெட்கமாக இருந்ததால் 'கடைக்காரி' என்று எழுதினேன். இனிமேல் தம்பி மனைவி அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பாளாம். "கடைக்காரி என்ன பண்றா? கதவைத் தட்டலாம், உடைக்கலாம், சுவரேறலாம்." தட்டினேன். தட்டியதற்கே டிரைவரம்மா தலையாட்டி, "எனக்கு முதல் நாள் நாக்கே எழும்பல" என்றார்.

என்னை யாரும் 'பண்றா' என்று சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

இதை எழுதாமல் படுக்க முடியாது.

கோட்டைக்குள் இன்னொரு வாசல். காவலன் அனுமதிச் சீட்டு கேட்கிறான், எங்களிடம் இருந்ததோ கத்தரிக்காய் விலை எழுதிய துண்டுச் சீட்டு, அதையே நீட்டினோம். சண்டை போடலாம், கெஞ்சலாம், ஓடலாம் என்றாள் தம்பி மனைவி.

"காவலனுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "அம்பது இருக்கும்."

"சீட்டைக் கிட்ட வெச்சுப் பாக்குறானா, கையை நீட்டித் தள்ளி வெச்சுப் பாக்குறானா?"

"...தள்ளி."

"அப்ப அவனுக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி இல்லாம படிக்க முடியாது. கடைக்காரி சீட்டை வாங்கி அவளே படிக்கிறா. 'இவர்களை உடனே உள்ளே விடவும், சாவியையும் கொடுக்கவும்.'"

நாய் டாக்டர் மேசையைத் தட்டினான். தம்பி மனைவி பகடையை உருட்டச் சொன்னாள். பதினேழு, அது போதுமாம். காவலன் சாவியைக் கொடுத்துவிட்டான். அவள் சொன்ன மூன்று வழியில் இது இல்லை. தனக்கே இது தோன்றவில்லை என்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 21, சனி

காலையில் தம்பியோடு வாக்குவாதம். புதியவர்களுக்குப் பெட்டி ஆட்டம்தான் லாயக்கு, திறந்ததும் எல்லாம் இருக்கும் என்கிறான். அது சரிதான். அங்கே விதித்தாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், பக்கத்தில் இருப்பவர் உம்மென்று இருந்தாலும் ஆடிவிடலாம். கதையாட்டத்தில் பக்கத்தில் இருப்பவர்தான் கூட்டிப்போக வேண்டும். அவர் மனசு வைக்காவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். வைத்துவிட்டால் எனக்குத் தெரிந்ததை வைத்தே ஆடலாம், புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். இதைச் சொன்னதும், "நீ கட்சி மாறிட்ட" என்று பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டான்.

ஏப்ரல் 3, வெள்ளி

தலைவலி. இன்று என்னை விட்டுவிட்டு ஆடுங்கள் என்றேன். "அடுத்த வாரம் ஆடிக்கலாம் அண்ணி. சாவி கடைக்காரிகிட்டதானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

பெரிய தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடையில் ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். முதலாளியம்மா ஃபிரேம் ஒன்றை என்னிடம் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். தினமும் எட்டு மணி வரை கடை.

'சரி' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை மட்டும் அஞ்சு மணிக்குக் கிளம்பணும்" என்றேன்.

"என்ன விஷயம்?"

"வீட்டுல எனக்காகக் காத்துக்கிட்டிருப்பாங்க."

அவர் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது, 'தம்பி வீட்டுல' என்று சொல்லவில்லை.